ஓர் இரவில் மறைந்த விமான நிலையம்



"நல்ல காரியம் என்றால் மக்களிடம் சொல்லாமலே செய்யலாமா?" இதுதான் இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. செய்யலாம் என்பவர்களிடமும் காரணம் இருக்கிறது. ஊரையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்தால் ஒரு சாலையும் போட முடியாது, ஒரு பாலமும் கட்ட முடியாது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன், அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறேன். அதன்பின் நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஏரிக்கரையில் ஒரு தீவு

சிகாகோ நகரத்தை நமக்குத் தெரியும். 1893-ல் சுவாமி விவேகானந்தர் சர்வ சமயப் பேரவையில் உரையாற்றிய ஊர். அந்த நகரத்தின் ஓரத்தில் கடல் போல விரிந்து கிடக்கிறது மிச்சிகன் ஏரி. 1909-ல் டேனியல் பர்ன்ஹாம் என்ற கட்டடக் கலைஞர் சிகாகோவுக்கு ஒரு நகரத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஏரிக்கரை முழுவதும் மக்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், கரையோரம் தீவுகள் அமைத்துப் பூங்காக்கள் வைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவில் உருவானது ஒரே ஒரு தீவுதான். 1920-களில் ஏரியில் மண் கொட்டி மேடாக்கி அதை அமைத்தார்கள். பெயர் நார்தர்லி தீவு. பரப்பளவு 91 ஏக்கர். 1933, 1934 ஆண்டுகளில் அங்கே பெரிய உலகக் கண்காட்சி நடந்தது.

போர் முடிந்த பிறகு, விமானம்தான் எதிர்காலம் என்று உலகமே நம்பிய காலத்தில், அந்தத் தீவில் சிறிய விமான நிலையம் ஒன்றை அமைத்தார்கள். 1948 டிசம்பரில் திறந்தார்கள். பத்திரிகை வெளியீட்டாளரும் விமானப் போக்குவரத்துக்காக ஓயாமல் குரல் கொடுத்தவருமான மெரில் மெய்க்ஸ் என்பவரின் பெயரைப் பிற்பாடு அதற்குச் சூட்டினார்கள். மெய்க்ஸ் ஃபீல்டு என்றால் விமானிகளுக்கு உடனே தெரியும்.

ஒரே ஓடுபாதை. நீளம் சுமார் 3,900 அடி. நம் ஈப்போ ஓடுபாதையை விடக் குட்டையானது. ஆனால் விமானத்திலிருந்து இறங்கினால் நகரத்தின் மையப் பகுதி கூப்பிடு தூரத்தில் இருக்கும். வியாபாரிகளும் அதிகாரிகளும் வந்து போனார்கள். இல்லினாய்ஸ் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து அரசு விமானங்கள் வந்தன. 1950-களில் ஒற்றை ஓடுபாதை நிலையங்களிலேயே அமெரிக்காவில் அதிகப் போக்குவரத்து உள்ளது என்று பெயர் வாங்கியது.

நம் பிள்ளைகளில் பலருக்குக்கூட இந்த இடம் தெரிந்திருக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விமானம் ஓட்டும் கணினி விளையாட்டைத் திறந்தால், பல ஆண்டுகள் முதலில் கண்ணெதிரே வந்து நின்ற ஓடுபாதை இதுதான். ஈப்போவில் உட்கார்ந்து கொண்டே சிகாகோவில் விமானம் ஏற்றிய பிள்ளைகள் உண்டு.

பூங்காவா, ஓடுபாதையா?

1989-ல் ரிச்சர்ட் எம். டேலி சிகாகோவின் மேயரானார். அவருடைய தந்தையும் 1955 முதல் 1976-ல் இறக்கும் வரை மேயராக இருந்தவர். மகன் டேலிக்கு அந்தத் தீவைப் பழைய திட்டப்படி பூங்காவாக்க வேண்டும் என்று ஆசை. 1994-ல் அதை வெளிப்படையாக அறிவித்தார். நிலம் நகரப் பூங்கா வாரியத்துக்குச் சொந்தம். 1996-ல் குத்தகை முடிந்ததும் நகர நிர்வாகம் நிலையத்தை மூடியது. ஓடுபாதையின் மேல் பெரிய பெருக்கல் குறிகளைச் சாயத்தால் வரைந்து வைத்தார்கள். வானத்திலிருந்து பார்க்கும் விமானிக்கு அந்தக் குறியின் பொருள் "இங்கே இறங்காதே" என்பது.

விமானிகளும் வணிகர்களும் எதிர்த்தார்கள். மாநில அரசும் தலையிட்டது. பேச்சு வார்த்தை நடந்தது. ஐந்தாண்டுகளுக்குத் திறந்து வைப்பது என்று முடிவாகி, 1997 பிப்ரவரியில் நிலையம் மீண்டும் இயங்கியது. வரைந்த சாயத்தை அழித்தார்கள், அவ்வளவுதான்.

2001 டிசம்பரில் மேயரும் மாநில ஆளுநர் ஜார்ஜ் ரயனும் இன்னொரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். சிகாகோவின் பெரிய விமான நிலையமான ஓஹேரை விரிவாக்குவது, மெய்க்ஸை 2026 வரை வைத்திருப்பது என்பது அதன் சாரம். இதை உறுதிப்படுத்த வாஷிங்டனில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அது நிறைவேறவில்லை. ஆகவே உடன்பாடு அந்தரத்தில் நின்றது.

இதுவரை நடந்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒருவர் பூங்கா வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஓடுபாதை வேண்டும் என்கிறார். வாதம் நடக்கிறது, சட்டமன்றம் பேசுகிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன. மக்களாட்சி என்றால் இப்படி இழுபறியாகத்தான் இருக்கும்.

மார்ச் 30, 2003

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஈராக் போர் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஊர் உறங்கும் நள்ளிரவு நேரத்தில், போலீஸ் பாதுகாப்போடு தீவுக்குள் புல்டோசர்கள் நுழைந்தன. ஓடுபாதையின் நடுவில் ஆறு பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டினார்கள். ஆமாம் நேயர்களே, இம்முறை சாயம் இல்லை. தார்த்தளத்தையே பெயர்த்துப் பள்ளம் போட்டார்கள்.

விடிந்து பார்த்தால் விமான நிலையம் இல்லை. அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 16 விமானங்கள் பறக்க வழியின்றி நின்றன. அங்கு இறங்க வந்த விமானம் ஒன்றை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. நாட்டின் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கே முன்கூட்டித் தகவல் இல்லை. பிற்பாடு அந்த 16 விமானங்களும், ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து செல்லும் 3,000 அடிப் பாதையிலிருந்து புறப்பட அனுமதி பெற்றுப் போய்ச் சேர்ந்தன.

"விடிந்தால் கல்யாணம், பிடிடா பாக்கு" என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே அந்தப் பாக்கைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை.

மேயர் சொன்ன காரணம் பாதுகாப்பு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, வானளாவிய கட்டடங்களுக்கு இவ்வளவு அருகில் சிறு விமானங்கள் வந்து போவது ஆபத்து என்றார். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அன்றைக்கு உலகம் முழுவதும் அந்த அச்சம் இருந்தது. ஆனால் கணக்குப் பாருங்கள். நிலையத்தை மூட வேண்டும் என்று அவர் அறிவித்தது 1994-ல். தாக்குதல் நடந்தது 2001-ல். ஏழு வருடம் பூங்காவுக்காக மூட வேண்டியிருந்த இடம், திடீரென்று பாதுகாப்புக்காக மூட வேண்டியதாகிவிட்டது. அவசரம் என்ற ஒரு சொல் வந்துவிட்டால் கேள்வி கேட்பவன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

33,000 டாலர்

அமெரிக்கச் சட்டப்படி இப்படிப்பட்ட நிலையத்தை மூடுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் அன்றைய நிலவரப்படி ஒரு நாளைக்கு 1,100 டாலர் அபராதம். முப்பது நாளுக்கும் சேர்த்து 33,000 டாலர். ஒரு மாநகரத்துக்கு இது என்ன பணம்? நகர நிர்வாகம் அதையும் கட்ட மறுத்து வழக்காடியது. கடைசியில் 2006 செப்டம்பரில் சமரசத்துக்கு வந்து 33,000 டாலர் அபராதத்தைக் கட்டியது. அதோடு, விமான நிலையங்களுக்கே செலவிட வேண்டிய நிதியிலிருந்து எடுத்து இந்த நிலையத்தை இடிக்கச் செலவழித்த 10 லட்சம் டாலரைத் திருப்பி வைக்கவும் ஒப்புக் கொண்டது.

விமான நிலையத்தை வளர்க்க ஒதுக்கிய பணத்தில் விமான நிலையத்தை இடித்திருக்கிறார்கள். வேலிக்கென்று வாங்கிய கம்பியால் வயலை உழுதது போல இருக்கிறது!

அமெரிக்க நாடாளுமன்றம் ஒன்று செய்தது. இப்படி அறிவிப்பின்றி மூடினால் இனிமேல் ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரை அபராதம் என்று அதே 2003-ல் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு மெய்க்ஸின் பெயரே வழங்குகிறது. சட்டம் வந்தது, ஓடுபாதை வரவில்லை. விமானிகளின் அமைப்பு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

ஓட்டுப் போட்டாயிற்றே, போதாதா?

எதிரணி நண்பர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "டேலி மக்கள் தேர்ந்தெடுத்த மேயர்தானே? அந்தச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்புதான், 2003 பிப்ரவரியில், பெரும் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2007-ல் மறுபடியும் ஜெயித்தார். மக்களுக்குக் கோபம் இருந்திருந்தால் தோற்கடித்திருக்க மாட்டார்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு விஷயம். ஒருவரை மேயராக்க ஓட்டுப் போடுவது வேறு, அவர் இரவில் எந்தச் சாலையை உடைத்தாலும் சரி என்று எழுதிக் கொடுப்பது வேறு. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே மக்களுக்கு இருக்கிற ஒரே பிடி, முன்னறிவிப்பு. அதையும் எடுத்துவிட்டால் ஓட்டுரிமை நான்கு வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் வந்து போகும் திருவிழாவாகிவிடும்.

நம் நிலைமை என்ன? ஈப்போவில் நகராட்சித் தேர்தல் நடந்த காலம் ஒன்று இருந்தது. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகராட்சியைக் கையில் வைத்திருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1965-ல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ன் ஊராட்சி மன்றச் சட்டத்துக்குப் பிறகு, மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. சிகாகோக்காரனுக்கு மேயர் மேல் கோபம் வந்தால் ஓட்டுச் சாவடி இருக்கிறது. நமக்கு ஊராட்சி மன்ற அளவில் அதுவும் இல்லை. அப்படியானால் முன்னறிவிப்பு நமக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

பால்மரக் காட்டில் கற்ற பாடம்

உண்மையில் இந்தப் பாடத்தை நமக்குச் சிகாகோ சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிகள் தோட்டத்தில் படித்த பாடம் இது.

1950-களில், நாடு சுதந்திரம் பெறும் தறுவாயில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் எழுதின. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டார். தோட்டம் கைமாறியபோது தொழிலாளிக்குப் போனது வேலை மட்டுமா? லயத்து வீடு போனது. பிள்ளை படித்த பள்ளி ஆடிப் போனது. மாரியம்மன் கோயிலுக்குத் திருவிழா எடுக்க ஆள் இல்லாமல் போனது. வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கும் ஒரே வேலிக்குள் இருந்தன. வேலி விழுந்தால் நான்கும் சேர்ந்துதான் விழும்.

சட்டம் அவனுக்கு என்ன கொடுத்தது? 1955-ன் வேலைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவனுக்கு நான்கு வார நோட்டீஸ், ஐந்து வருடத்துக்குக் குறைவென்றால் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். முப்பது வருடம் பால்மரம் சீவியவனுக்கும் அதே எட்டு வாரம்தான். எட்டு வாரத்தில் அவன் வேறு வேலை, வேறு வீடு, பிள்ளைக்கு வேறு பள்ளி எல்லாம் தேட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நம் பேராக் மண்ணிலிருந்து ஒரு பதில் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் விற்பனைக்கு வந்தால் அதை நாமே வாங்குவோம் என்றார். மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்க்கும்படி தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். கெடாவிலிருக்கும் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் மற்ற தோட்டங்கள் வந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணக்காரன் காசோலை எழுதினால் ஒரே நாளில் தோட்டம் வாங்கிவிடுவான். ஏழை பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். ஏழையின் கையிலிருக்கும் முதலே காலம்தான். அறிவிப்பைக் குறைக்கிறவன் அந்த முதலைப் பறிக்கிறான். சிகாகோ விமான உரிமையாளர்கள் வசதியானவர்கள், விமானத்தை எடுத்துக்கொண்டு வேறு நிலையத்துக்குப் போய்விட்டார்கள். லயத்தை எடுத்துக்கொண்டு எங்கே போக முடியும்?

சொல்லிவிட்டும் மூடலாம்

அப்படியானால் எதையுமே மூடக்கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. காலம் மாறும், நகரம் வளரும், சிலவற்றை மூடத்தான் வேண்டும். நம் தலைநகரைப் பாருங்கள். 1952-ல் திறந்த சுங்கை பீசி விமான நிலையம் 1965-ல் சுபாங்குக்கு வழிவிட்டது. சுபாங் 1998-ல் சிப்பாங்குக்கு வழிவிட்டது. மாற்று இடம் தயாரான பிறகே பழையதை விட்டார்கள். சுபாங்கின் ஓடுபாதையை யாரும் தோண்டவில்லை. அதனால்தான் 2007-ல் ஃபயர்ஃபிளை விமானங்கள் அங்கே வர முடிந்தது. 2024-ல் பயணிகள் ஜெட் விமானங்களும் திரும்பின. எடுத்த முடிவு தவறு என்று பின்னால் தெரிந்தாலும் திருத்திக்கொள்ள இடம் இருந்தது.

ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் டெம்பல்ஹோஃப் என்ற புகழ்பெற்ற விமான நிலையம் இருந்தது. மூடலாமா என்று வருடக்கணக்கில் விவாதம் நடந்தது. 2008 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் மூட வேண்டாம் என்றார்கள். ஆனால் சட்டம் கேட்ட எண்ணிக்கையை அது எட்டவில்லை. அக்டோபரில் நிலையம் மூடப்பட்டது. 2010-ல் அந்த ஓடுபாதையே பூங்காவானது. அதன் ஓரத்தில் வீடுகள் கட்டலாம் என்று திட்டம் வந்தபோது, 2014-ல் மறுபடியும் வாக்கெடுப்பு. வேண்டாம் என்று மக்கள் சொன்னார்கள், கட்டவில்லை.

சிகாகோவிலும் பூங்கா வந்தது, பெர்லினிலும் பூங்கா வந்தது. இரண்டும் நல்ல பூங்காக்கள்தான். பெர்லினில் தோற்றவனுக்குத் தன் வாதத்தைச் சொல்லிவிட்ட திருப்தி இருக்கிறது. சிகாகோவில் தோற்றவனுக்கு விடியற்காலையில் பார்த்த பள்ளம்தான் இருக்கிறது.

ஈப்போவுக்கு வருவோம்

நம் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது. குனோங் ராப்பாட் பக்கம் வீடுகள் நெருங்கிவிட்டன. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். ஓடுபாதையை நினைத்தபடி நீட்ட முடியாது. இதை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. மாற்றுவது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதை இன்று நான் தீர்ப்பதற்கில்லை.

ஆனால் விமான நிலையமானாலும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியானாலும், பழைய சந்தையானாலும், நாம் கேட்க வேண்டியவை நான்கு. எப்போது மூடுகிறீர்கள்? மாற்று இடம் தயாரா? அந்த நிலம் யாருக்குப் போகிறது? எங்கள் ஆட்சேபணையை எங்கே, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்?

1976-ன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் மாநகர் மன்றத்துக்குப் போய் அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறோம்? பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பை எத்தனை பேர் படிக்கிறோம்? கோயில் நிர்வாகமும், பள்ளிப் பெற்றோர் சங்கமும், குடியிருப்போர் சங்கமும் ஆளுக்கு ஒருவரையாவது அனுப்பி அதைப் பார்த்துவரச் செய்யலாமே! அறிவிப்பு கொடுக்காதது ஆட்சியாளர் குற்றம். கொடுத்த அறிவிப்பைப் படிக்காதது நம் குற்றம்.

நார்தர்லி தீவில் இன்று புல்வெளி இருக்கிறது, பறவைகள் வருகின்றன, இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பழைய நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. டேலி நல்ல காரியம் செய்தார் என்று சொல்வோர் அங்கே ஏராளம். நானும் மறுக்கவில்லை. ஆனால் முப்பது நாள் பொறுத்திருந்தால் அந்தப் புல் முளைக்காமல் போயிருக்குமா, நடுவர் அவர்களே? அந்த முப்பது நாளில் அவர் தோற்றுப் போயிருக்கலாம், உண்மைதான். தோற்றுப் போவோமோ என்று பயந்துதான் நள்ளிரவில் வந்திருக்கிறார் என்றால், அது நல்ல காரியமா என்பதை முடிவு செய்யும் உரிமை அவர் ஒருவருக்கு மட்டும் எப்படி வந்தது?

மக்களுக்காகச் செய்வதை மக்களிடம் சொல்லிச் செய்ய வேண்டும்.